இடது ஓரத்து யானை

அத்தியாயம் பத்தொன்பது

மூன்று நாளாகச் சுண்டு தன் அப்பாவோடு பேசவில்லை. பேசாமல் இருக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பேச வேண்டியது அவ்வளவு இருந்தது.

ஆறாவது சுற்றில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம். அவள் மறக்கவில்லை. பதினான்கு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் கண்டுபிடித்து வைத்திருந்த புது நகர்த்தல் அது. ஆட்டத்தின் பதினைந்தாவது நகர்த்தலில், யாரும் நினைத்துப் பார்க்காத இடத்தில் ஒரு சிப்பாயைப் பலி கொடுப்பது. ஒரே ஒரு நோட்டில்தான் எழுதியிருந்தாள். அதை அன்றைக்குப் பக்கத்து மேஜையில் அத்தை மகன் நெட்டை தன் நீண்ட விரலால் நிதானமாக நகர்த்தி வைத்தான். ஜெயித்தும் விட்டான். செஸ்ஸில் இந்த மாதிரி ரகசியம் ஒரே ஒரு தடவைதான் செல்லும். மறுநாள் காலையிலேயே அது ஊரறிந்த விஷயம்.

நோட்டு இருந்த அலமாரியின் சாவி அப்பாவிடம் மட்டும்தான் இருந்தது.

இன்று ஒன்பதாவது சுற்று, கடைசிச் சுற்று. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு மூன்று தகுதிகள் வேண்டும்; பெரிய போட்டி ஒன்றில் குறித்த புள்ளியை எட்டினால் ஒரு தகுதி. இரண்டை வாங்கிவிட்டு நாலு வருஷமாகக் காத்திருக்கிறாள். மூன்றாவது கிடைக்க இன்றைக்கு ஜெயித்தே ஆக வேண்டும். டிரா ஆனால் அரைப்புள்ளி குறையும், கதை கந்தல்.

எதிராளி யார் என்று நேற்றுச் சாயங்காலம் கணினி ஜோடி போட்டது. கணினிக்கு உறவுமுறை தெரியாது, புள்ளிக் கணக்குத்தான் தெரியும். அறிவிப்புப் பலகையில் அவள் பெயருக்கு எதிரே அவளுடைய அப்பாவின் பெயர் இருந்தது.

அப்பாவை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தொரு வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். அவர் கையில் பழகி இரண்டு பேர் கிராண்ட்மாஸ்டர் ஆகியிருக்கிறார்கள். பதினோரு வருஷமாக அவர் போட்டி எதிலும் ஆடவில்லை, கற்றுக்கொடுப்பதோடு சரி. அப்படிப்பட்டவர் இந்தப் போட்டிக்கு மட்டும் யாரையும் கேட்காமல் பெயர் கொடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "தோணுச்சு" என்றார். அதைச் சொல்லவும் ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டார். காபி வேண்டுமா என்று கேட்டால்கூட, எதிரே கடிகாரம் ஓடுவதுபோல யோசித்துவிட்டுத்தான் தலையாட்டுவார் மனிதர்.

கீழே அம்மாவின் சலவைக் கடை. மேலே மாஸ்டரின் பயிற்சி அறை. வீடு பின்பக்கம். காலை எட்டு மணிக்கே இஸ்திரிப் பெட்டிகளின் ஆவி படிக்கட்டு வழியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. சுண்டு தன் கோட்டை வாங்கிக்கொள்ளக் கடைக்குள் வந்தாள். மாஸ்டரும் அதே நேரம் டீ கப்போடு உள்ளே நுழைந்தார். கதவு நிலையில் இடது தோள் மோதி, டீ தளும்பி, இடது கை மணிக்கட்டு வரை நனைந்தது.

"போச்சா!" என்றாள் அம்மா. "இந்த வாரத்துல இது மூணாவது சட்டை. நாலு ஆள் சேர்ந்து நுழையற கதவு, உங்க ஒரு ஆளுக்குப் பத்தலையா?"

"வேற சட்டை குடு."

"குடுக்கறேன், குடுக்கறேன். கடைக்கு வர்றவங்க துணியைவிட உங்க துணிதான் ஜாஸ்தி வெளுக்கறேன்."

சுண்டு கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அப்பாவைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது வாய் தன்னால் திறந்துகொண்டது. மூன்று நாள் அடைத்து வைத்தது எத்தனை நேரம் நிற்கும்?

"நோட்டை நீங்கதானே நெட்டைக்குக் குடுத்தீங்க?"

மாஸ்டர் டீ கப்பைக் கீழே வைத்தார். ஈரமான கையைத் துண்டால் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"ஆமா. நான்தான் குடுத்தேன்."

"எதுக்கு?"

"அவனுக்கு அன்னைக்கு அது தேவைப்பட்டுச்சு."

"எனக்குத் தேவைப்படலையா? பதினாலு மாசம்ப்பா! ராத்திரி பகல் பார்க்காம உட்கார்ந்து கண்டுபிடிச்சேன். உங்ககிட்ட மட்டும்தான் காட்டினேன். நாலு மாசம் முன்னாடி ஒரு நாள் திடீர்னு, இனிமே உனக்கு நான் சொல்லித் தர முடியாது, நீயே பார்த்துக்கோன்னு கழட்டி விட்டீங்க. சரின்னு வாயை மூடிக்கிட்டேன். மறுநாளே அவனைக் கூட்டிட்டு வந்து மேல கதவைச் சாத்திக்கிட்டீங்க. அதுக்கும் வாயை மூடிக்கிட்டேன். இப்ப என் மூளையையும் எடுத்து அவன் தட்டுல வச்சுட்டீங்க. அக்கா மகன்னா அவ்வளவு உசத்தியா? பெத்த பொண்ணு கறிவேப்பிலையா?"

"போர்டுல வச்ச நகர்த்தல் யாருக்கும் சொந்தம் இல்ல, சுண்டு."

"வைக்கறதுக்கு முன்னாடி அது எனக்குச் சொந்தம்!"

அம்மாவுக்கு இரண்டு பக்கமும் வலித்தது. அவளுக்கு செஸ் தெரியாது. முப்பது வருஷம் இந்த வீட்டில் குடித்தனம் செய்தும் குதிரை எப்படித் தாவும் என்று கற்றுக்கொள்ள மறுத்துவிட்டவள். அவளுக்குத் தெரிந்த வழியில் சமாதானம் செய்யப் பார்த்தாள்.

"ஏங்க, நடந்தது நடந்துபோச்சு. இன்னைக்கு இவளோடதானே ஆடப் போறீங்க? பெத்த பொண்ணுக்கு ஒரே ஒரு ஆட்டம் விட்டுக்குடுத்தா உங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"என்ன பேச்சு பேசற நீ?" என்றார் அவர்.

"அம்மா, சும்மா இரு!" என்றாள் இவள்.

மூன்று நாளில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "நல்ல அப்பா, நல்ல பொண்ணு. என்னமோ பண்ணித் தொலைங்க."

சுண்டு வாசலில் நின்று அப்பாவைப் பார்த்தாள்.

"ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். நோட்டைத் திருடிக் குடுத்ததுக்குப் பரிகாரமா இன்னைக்கு எனக்கு ஆட்டத்தைத் தானம் பண்ணலாம்னு மனசுல ஏதாவது இருந்தா, இப்பவே துடைச்சுப் போட்டுடுங்க. நீங்க விட்டுக்குடுத்து வர்ற பட்டம் எனக்கு வேண்டாம். அப்படி ஏதாவது பண்ணினீங்க, அப்புறம் உங்களை அப்பான்னு கூப்பிட மாட்டேன்."

மாஸ்டர் இதற்கும் யோசித்தார்.

"உனக்கு விட்டுக்குடுக்கற அளவுக்கு நான் இன்னும் தரம் கெட்டுப் போகல," என்றார். "நல்லா ஆடு. இல்லேன்னா அடிப்பேன்."

*

அடித்தார்.

கசக்கிப் பிழிந்தார் என்றே சொல்லலாம். வெள்ளைக் காய்கள் அவருக்கு. இருபது நகர்த்தலுக்குள் நடுப்பலகை முழுக்க அவர் கைக்குள் போய்விட்டது. சுண்டுவின் குதிரை ஒன்று மூலையில் போக்கிடம் இல்லாமல் நின்றது. அவளுடைய ராஜாவைச் சுற்றி ஜன்னல் ஜன்னலாகத் திறந்துகொண்டே வந்தது.

அரங்கில் எண்பது பேர் உட்கார்ந்திருந்தும் சத்தம் இல்லை. யாரோ நாற்காலியை நகர்த்தினால் நாலு பேர் முறைப்பார்கள். மேஜைக்கு மேஜை தண்ணீர் பாட்டில், கடிகாரம், ஆட்டத்தை எழுதும் தாள். ஒவ்வொரு நகர்த்தலையும் இரண்டு பேரும் அவரவர் தாளில் எழுதியே ஆக வேண்டும். இந்த மேஜையின் ஆட்டம் மட்டும் வெளியே வராந்தாவில் பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவும் மகளும் மோதிக்கொள்வதைப் பார்க்கக் கசக்குமா? ஆட்டம் முடித்தவர்கள் எல்லாம் அங்கேதான் நின்றார்கள்.

சுண்டுவுக்கு ஆத்திரமாக வந்தது. அப்பா இவ்வளவு நன்றாக ஆடுவதில் ஆத்திரம். அதைப் பார்த்துத் தனக்குள் ஒரு ஓரத்தில் பெருமை எட்டிப் பார்ப்பதில் இன்னும் ஆத்திரம். இந்தக் கையைத்தானே நாலு மாதமாக நெட்டைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்?

ஆனால் அவருக்கு நேரம் குறைந்துகொண்டே வந்தது. வழக்கத்தைவிட அதிகமாக யோசித்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பலகையைப் பார்த்தார். அவருடைய முப்பத்திரண்டாவது நகர்த்தல் முடிந்தபோது கடிகாரத்தில் இரண்டு நிமிஷம்கூட இல்லை.

சுண்டு வேறு வழியில்லாமல் தன் யானையைத் தள்ளினாள். அவருக்கு இடது பக்கம், ஓரத்திலேயே ஓரம், ஏ வரிசையில் மேலிருந்து கீழே இறக்கி நாலாவது கட்டத்தில் நிறுத்தினாள். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. சும்மா இருக்கிற யானைக்கு ஒரு வேலை.

மாஸ்டர் தாளில் எழுதினார். பலகையைப் பார்த்தார். பிறகு தன் ராணியைத் தூக்கி வலது பக்கம், ஜி வரிசையில் நாலாவது கட்டத்தில் வைத்துக் கடிகாரத்தைத் தட்டினார்.

சுண்டு ஒரு தடவை பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

யானை நேர்க்கோட்டில் போகும் காய். இந்த ஓரத்து நாலாவது கட்டத்தில் அவள் யானை. அதே நாலாவது குறுக்குக் கோட்டில் அந்தப் பக்கம் அவர் ராணி. நடுவில் ஒரு சிப்பாய்கூட இல்லை. யானையை நேராக இழுத்துக்கொண்டு போனால் ராணி காலி, ஆட்டம் காலி. செஸ் கற்றுக்கொண்டு ஒரு வாரமான குழந்தைகூட இதைச் செய்யாது.

வெளியே வராந்தாவிலிருந்து ஒரு பெரிய முனகல் கதவைத் தாண்டி உள்ளே வந்தது.

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அமைதியாக இருந்தது. வேலையை முடித்துவிட்டவரின் திருப்திகூட இருந்தது. ஒரு கூச்சம், ஒரு தவிப்பு, எதுவும் இல்லை.

ஆக, தானம்.

காலையில் அம்மா கேட்டது, அவர் யோசித்தது, எல்லாம் அவள் தலைக்குள் வரிசையாக வந்து நின்றது. கொடுப்பதைக்கூட மறைத்துக் கொடுக்கத் தெரியவில்லையே! ஊர் முழுக்கத் திரையில் பார்க்க, பிச்சைக்காரி தட்டில் போடுவதுபோலத் தூக்கிப் போட்டிருக்கிறார். நோட்டுக்கு ராணி. கணக்கு நேர். இனிமேல் வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

யானையின் மேல் அவள் கை போனது. தொட்டால் நகர்த்தியே ஆக வேண்டும். தொடாமல் மேலேயே நிறுத்தினாள். நாலு வருஷம் அந்தக் கையின் கீழே இருந்தது. எடுத்தால் இன்று மத்தியானம் முதல் அவள் கிராண்ட்மாஸ்டர். எடுத்தால் சாகும்வரை இந்த ஆட்டம் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும், அப்பன் போட்ட பட்டம் என்று.

கையை இழுத்துக்கொண்டாள். பலகைக்கு மேலே நீட்டினாள்.

"டிரா," என்றாள்.

மாஸ்டர் தூக்கிவாரிப்போட்டதுபோல நிமிர்ந்தார். பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. அந்த இளக்கத்தைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

டிரா ஆனால் இரண்டு ராஜாக்களையும் எடுத்து நடுக் கட்டங்களில் வைப்பது வழக்கம். அவர் ராஜாவை எடுக்கப் போனார்.

"கையை எடுங்க," என்றாள் சுண்டு. அரங்கில் சத்தம் போட முடியாது. ஆகவே கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பில் கத்த முடியும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. "இப்ப சந்தோஷமா?"

"என்ன சந்தோஷம்? ஜெயிக்கற ஆட்டத்தை விட்டுட்டு உட்கார்ந்திருக்கேன்."

"ஜெயிக்கற ஆட்டமா?"

"இன்னும் அஞ்சாறு நகர்த்தல்ல உன் ராஜா தீர்ந்தது. அது உனக்கும் தெரியும். அதான் டிரா கேட்ட. காலையில வீராப்பா பேசினவ கையை நீட்டறாளேன்னு மனசு கேக்கல, குடுத்துட்டேன். தப்புதான். பெத்துத் தொலைச்சுட்டேன். இப்ப அதுக்கும் எரிஞ்சு விழறியா?"

சுண்டுவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை.

"உங்க ராணி எங்க நிக்குது?"

"ஜி நாலு."

"என் யானை?"

"ஏ அஞ்சு."

"அஞ்சா?"

"அஞ்சுதான். இப்பத்தானே வச்ச."

"பார்த்துச் சொல்லுங்கப்பா."

பக்கத்து மேஜைக்காரர், "உஷ்!" என்றார். மாஸ்டர் பலகையைப் பார்த்தார். பார்த்தது நேராக. அப்புறம் கழுத்தைத் திருப்பினார், கதவுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பவர்போல முழுத் தலையையும் இடது பக்கம் திருப்பினார். அப்போதுதான் யானை அவர் கண்ணில் பட்டது.

 அவர் முகத்தில் இருந்த ரத்தம் இறங்கிப் போனது.

*

தலைமை நடுவர் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் குரல் உயர்த்திப் பேசும் வழக்கம் இல்லாத பெண்மணி. இன்றைக்கு உயர்த்தினார்.

"வெளியே எல்லாரும் கேக்கறாங்க. கிராண்ட்மாஸ்டர் தானா ராணியைக் கொண்டுபோய்க் குடுக்கறார். மகள் எடுக்காம டிரா கேக்கறா. அவரும் ஒத்துக்கறார். இது என்ன ஆட்டமா, நாடகமா? வீட்டுலயே பேசி வச்சுட்டு வந்தீங்களா?"

 நடுவர் இருவரின் தாள்களையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. பிறகு மேலே போனது, மறுபடி கீழே வந்தது.

"மாஸ்டர், கடைசியா இந்தப் பொண்ணு வச்ச யானையை நீங்க ஏ அஞ்சுன்னு எழுதியிருக்கீங்க. இவ தாள்ல ஏ நாலு. பலகையிலயும் நாலுதான்."

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"இங்க பாருங்க. பதினெட்டாவது நகர்த்தல், அடிச்சுத் திருத்தியிருக்கீங்க. இருபத்தி மூணு, திருத்தல். இருபத்தொன்பது, ரெண்டு தடவை திருத்தல். எல்லாமே ஏ வரிசை, பி வரிசை. மத்த இடமெல்லாம் அச்சு மாதிரி இருக்கு." நடுவரின் குரல் தன்னால் இறங்கிவிட்டது. "வேணும்னு விட்டுக்குடுக்கறவர் தாள்ல சரியாத்தான் எழுதுவார். உங்களுக்கு அந்தக் கட்டம் தெரியவே இல்லை. இல்லையா?"

மாஸ்டர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். 

"ஆனா முடிவு முடிவுதான்," என்றார் நடுவர். சுண்டுவைப் பார்க்காமல் சொன்னார். "கையைக் குலுக்கியாச்சு. ஆளுக்கு அரைப்புள்ளி. இந்தத் தடவை உனக்குத் தகுதி கிடையாதும்மா."

சுண்டுவுக்கு அது தெரியும்.  அப்பா தானம் கொடுக்கவில்லை. தவறு செய்திருக்கிறார். நேர்மையாக, எல்லாரும் செய்வதுபோல. எதிராளி செய்த தவறு, அவளுக்கு நியாயமாக வந்த ராணி, நியாயமாக வந்த பட்டம். அதை இரண்டு கையாலும் தள்ளிவிட்டாள். வேறு யாரும் தள்ளவில்லை, அவள்தான் தள்ளினாள்.

வராந்தாவுக்கு வந்ததும் மாஸ்டர் திரும்பினார். அவர் கோபப்பட்டு அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இப்படிப் பார்த்ததில்லை. 

"ஏன் வெட்டல?"

"நீங்க வேணும்னு..."

"ஏன் வெட்டல? நாப்பது வருஷம் ஆடியிருக்கேன். இதுக்கு முன்னாடி ஒரே ஒருத்தனுக்கு ஒரே ஒரு அரைப்புள்ளி விட்டுக்குடுத்திருப்பேனா? ஆறு வயசுல நீ ஜுரத்தோட ஆட உட்கார்ந்த, அப்பக்கூட உன்னைத் தோக்கடிச்சுட்டுத்தான் மாத்திரை குடுத்தேன். என்னைப் பத்தி இவ்வளவுதான் தெரியுமா உனக்கு? நான் தப்புப் பண்ணினா நீ வெட்டணும். அதுதான் மரியாதை. நீ பரிதாபப்பட்டு வெட்டாம விட்டிருந்தாக்கூட மன்னிப்பேன். என்னைத் திருடன்னு நினைச்சு விட்டியே!"

"காலையில நான்தான் குடுத்தேன்னு சொன்னீங்க. அப்புறம் எப்படி நினைக்கச் சொல்றீங்க?" சுண்டுவின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. திரைக்கு முன்னால் நின்றவர்கள் திரும்பினார்கள். திரும்பட்டும். "கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? என்னைக் கழட்டி விட்டப்பவாவது சொன்னீங்களா? உங்க கௌரவத்துக்காக என் பட்டம் போச்சு!"

"உன் கோபத்துக்காகப் போச்சு."

இரண்டுமே உண்மை. 

அந்த நேரம் பார்த்து அம்மா வந்துசேர்ந்தாள். கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்திருக்கிறாள் என்பது தெரிந்தது. இஸ்திரி போடும்போது கட்டிக்கொள்ளும் துணி இன்னும் இடுப்பில் இருந்தது. மகள் ஜெயித்தாளா என்று அவள் கேட்கவில்லை. கையில் மூன்று சட்டைகள் வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக உதறி, நடு வராந்தாவில், புருஷன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இதோ, இடது தோள்பட்டை, சுண்ணாம்பு. இது, இடது முழங்கை, நிலைப்படி ஆணி கிழிச்சது. இது காலையில, இடது கை, டீ. நாலு மாசமா உங்க சட்டை எல்லாமே இடது பக்கம் மட்டும்தான் அழுக்கு. வலது பக்கம் புதுசு மாதிரி இருக்கு. ஊர்ல உள்ள அத்தனை பேர் சட்டையையும் பார்த்து, இவன் என்ன வேலை பார்க்கறான், எங்க உரசறான்னு சொல்ற எனக்கு, என் வீட்டு மனுஷன் சட்டையைப் படிக்கத் தெரியலயே! கவனம் இல்லாத ஆளுன்னு திட்டிட்டே இருந்திருக்கேனே!"

"இங்க வேண்டாம்," என்றார் மாஸ்டர்.

"இங்கதான் வேணும்." சட்டைப் பையிலிருந்து எடுத்த அட்டையை நீட்டினாள். கண் மருத்துவமனைச் சீட்டு. நாலு தேதிகள். முதல் தேதியைச் சுண்டு பார்த்தாள். அவளைக் கழட்டி விட்டதற்கு முந்தின நாள்.

"யார்கிட்டயும் சொல்லாம தனியா போய்ட்டு வந்திருக்கீங்க," என்றாள் அம்மா. கண் கலங்கியது. கோபமும் குறையவில்லை. "நான் என்ன செத்தா போயிட்டேன்?"

மாஸ்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். "இடது பக்கம் பார்வை போயிட்டே இருக்குன்னான் டாக்டர். நிக்காதாம். சரி, இருக்கறப்பவே கடைசியா ஒரு தடவை ஆடிடலாம்னு தோணுச்சு." பிறகு மகளைப் பார்த்தார். "உன்கிட்ட சொன்னா நீ ஆட்டத்தை விட்டுட்டு என்னைக் கட்டிக்கிட்டு உட்காருவ. நோட்டுல வரி தெரியல, எழுத்து பாதி பாதியா வருது. யாராவது படிச்சுக் காட்டினாத்தான். அதான்..."

அவர் நிறுத்திவிட்டார். திரைக்குப் பக்கத்தில் நின்ற கூட்டத்திலிருந்து ஒரு நீளமான உருவம் தயங்கித் தயங்கி வந்துகொண்டிருந்தது. நெட்டைக்கு இருபத்திரண்டு வயது. உயரம் இருந்த அளவுக்குத் தைரியம் இருந்ததில்லை.

சுண்டுவுக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு மாதமாக மேலே சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்தது பயிற்சி இல்லை. அவளுடைய நோட்டுகளை ஒருவன் படிக்க, ஒருவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவளுடைய ஆட்டங்களை, அவளுக்காக.

"நீதான் படிச்சுக் காட்டினியா?"

"ஆமா," என்றான் நெட்டை. "மாமா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாரு."

"சரி. படிச்ச. பதினஞ்சாவது நகர்த்தலையும் படிச்ச. அதை எடுத்து ஆறாவது சுற்றுல ஆடுன்னு உன்கிட்ட யாருடா சொன்னது?"

நெட்டை வாயைத் திறந்தான். அவன் பார்வை மாமாவிடம் ஓடியது. ஓரடி பின்வாங்கினான்.

"நான்தான்," என்றார் மாஸ்டர். "நான்தான் ஆடச் சொன்னேன். காலையிலயே சொல்லிட்டேனே!"

சுண்டு அப்பாவைப் பார்த்தாள். அவள் கேட்ட கேள்வி அடங்குவதற்குள், அவன் வாயிலிருந்து ஒரு சொல் விழுவதற்குள், வந்துவிட்டது பதில்.

பிறந்து இருபத்தேழு வருஷத்தில் மாஸ்டர் யோசிக்காமல் பதில் சொல்லி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை.